கெட்டித்த துப்பாக்கிக்கு ஒரு துணி

என் அண்ணனுக்கு வலது கண் யாரால் போனது என்று காரமடைப் பக்கம் எங்கள் ஊரில் கேட்டால் அண்ணியால் என்பார்கள். துப்பாக்கியில் கட்ட வேண்டிய துணியை அவர் கட்டாமல் விட்டுவிட்டார் என்று ஊர் ஆறு மாதம் பேசியது. அண்ணியும் அதையே நம்பி, தன்னையே கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் துணியைக் கட்டத்தான் செய்தார். அவிழ்த்தவன் நான். அதைச் சொல்வதற்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது. இதை எழுதும்போதும் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

சூலூரில் பதினைந்து வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறேன். கோபம் எனக்கு மூக்குக்கு மேல் நிற்கும். அளவு தப்பிய உருப்படியைச் சுவரில் விட்டெறிந்து ஒருமுறை ட்யூப்லைட்டையே உடைத்திருக்கிறேன். அண்ணன் நேர் எதிர். தோட்டத்துச் சாளை வீட்டிலேயே குடியிருந்து, மக்காச்சோளமும் வாழையும் வைத்துக்கொண்டு, பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பவர்.

ஆவணி மாதம் ஒரு காலையில் ஆறு மணிக்கு அண்ணி சோளக்காட்டுக்குள் போனார். முந்தின நாள் பன்றிகள் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துப் பிடுங்கிப் போட்டிருந்தன. அதை மாட்டிவிட்டு வரலாம் என்று குனிந்தவரை ஒற்றைக் கோரைப்பல் ஆண்பன்றி ஒன்று பக்கவாட்டில் வந்து தூக்கியது. முழங்காலுக்கு மேலே நுழைந்த கோரைப்பல் இடுப்பு வரைக்கும் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. விழுந்தவரை விட்டுப் போகாமல் திரும்பி வந்து இன்னொருமுறை முட்டியிருக்கிறது. அண்ணன் ஓடிப்போய்க் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துத் தொடையை இறுக்கிக் கட்டி, டவுசரோடு அவரைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினாராம்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேராகக் காட்டுக்குப் போனேன். சோளத் தட்டுகள் ஒரு வண்டி அகலத்துக்கு மிதிபட்டுக் கிடந்தன. இலைகளில் அண்ணியின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது, அதில் ஈ மொய்த்தது. ஒரு செருப்பு மட்டும் வரப்போரம் கிடந்தது. அந்தப் பன்றியை என் கையால் குத்திக் குடலை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. 

எங்கள் வீட்டில் பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று உண்டு. உரிமம் அண்ணன் பேரில். குழலின் வாய் வழியாகவே எல்லாம் போட வேண்டும்: முதலில் வெடிமருந்து, மேலே தேங்காய் நார், அதன் மேல் ஈய ரவை, மறுபடி நார். ஒவ்வொன்றையும் நீளக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் கெட்டிப்பது. கடைசியில் பின்னால் இருக்கும் இரும்புக் காம்பில், தட்டினால் பொறி விடும் ‘கேப்’ ஒன்றை மாட்டினால் வெடிக்கத் தயார். அண்ணன் ரவையே போடமாட்டார். மருந்தும் நாரும் மட்டும். சத்தம் கேட்டால் பன்றி ஓடும், அவருக்கு அது போதும். சாயங்காலம் கெட்டித்து வைப்பார். பன்றி வரவில்லை என்றால் விடிந்ததும் வானத்தைப் பார்த்துச் சுட்டுக் காலி செய்துவிடுவார்.

இதில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. கெட்டித்தவர் துணி கட்டக் கூடாது. அண்ணன் கெட்டித்ததும் அண்ணி வந்து பார்த்து, விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தில் ஒரு கந்தல் துணியை முடிந்துவிட வேண்டும். துணி இருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது. துணி இல்லாவிட்டால் காலி. தினமும் ஒரே வேலையைச் செய்கிறவனுக்கு நேற்றுச் செய்ததும் இன்று செய்ததும் குழம்பும், அதனால் ஞாபகத்தை நம்பக் கூடாது, துணியைத்தான் நம்ப வேண்டும் என்பார். கல்யாணமான நாளிலிருந்து அண்ணி ஒருநாளும் தவறியதில்லை.

அளவுக்கு அண்ணனிடம் இருந்தது விரல்தான். கெட்டித்து முடித்ததும் கம்பியைக் குழலுக்குள் விடுவார். வாய்க்கு வெளியே கம்பி எத்தனை விரற்கடை நிற்கிறது என்று கையை வைத்துப் பார்ப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து வேலை செய்கிறவனிடம் வந்து விரலை நீட்டினால் என்ன செய்வது?

"ரவெ போட்டுச் சுடோணும். கொல்லோணும்" என்றேன்.

"கொல்றதுக்குச் சட்டமில்ல கண்ணு. வெரட்டறதுக்குத்தான் லைசென்ஸ் குடுத்திருக்கறாங்க."

"அண்ணிய அது கிழிச்சுதே, அதுக்குச் சட்டமிருந்துதுங்களா?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அண்ணி தையல் பிரிக்காத காலோடு உள்ளே படுத்திருந்தார். மூத்திரம் போகக்கூட இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "நாந்தான் சுடுவேன். நீ சுடக் கூடாது. லைசென்ஸ் எம்பேர்ல இருக்குது" என்றார். ஒத்துக்கொண்டேன்.

முதல் தடவை அவருடைய விரல் கணக்கிலேயே ரவை போட்டோம். பொழுது இறங்கும் நேரத்தில் வாழைக்கு வந்த ஒரு பெட்டைப் பன்றி மேல் அண்ணன் சுட்டார். ரவை சிதறிப் பின்னங்காலில் மட்டும் பட்டது. அது சாகவில்லை. பின்பக்கத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு, மனுசக் குழந்தை கத்துவது போலக் கத்திக்கொண்டு வாழைக்குள் சுற்றியது. அண்ணன் துப்பாக்கியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடியில் தாடை உடைந்தது. அதற்கப்புறம் எண்ணவில்லை. அது அடங்கின பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து பின்னாலிருந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என் முகமெல்லாம் ரத்தம். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நன்றாக இருந்தது.

"இனி இந்தப் பாவம் வேண்டாண்டா" என்றார், அதைப் புதைக்கக் குழி வெட்டும்போது.

"பாவம் எதுனால வந்துது? அளவு தப்புனதுனால. ஒரே வெடியில சாவற மாதிரி கெட்டிக்கோணும், அவ்வளவுதானுங்க."

அடுத்த வாரத்திலிருந்து அதே வேலையாக இருந்தேன். பட்டறையில் பித்தளைக் கம்பியைத் துளைத்து, சின்னதிலிருந்து பெரிசு வரை நாலு அளவுக் குப்பி கடைந்தேன். மருந்தை இனி விரலால் அல்ல, குப்பியால் அளப்பது. முனையில் பித்தளைப் பூண் போட்டுப் புதுக் கம்பியும் செய்தேன். குழலைத் துடைக்கவும் கையைத் துடைக்கவும் பட்டறையிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டுவந்து சாளையில் போட்டேன். திருப்பூரில் வெட்டிக் கழித்த பனியன் துணிதான், எங்கள் பட்டறைகளில் அதில்லாமல் ஒரு நாள் ஓடாது.

கோயில் நோம்பிக்குக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கிணற்று மண்மேட்டில் திருப்பிக் கட்டி, வெள்ளைப் பக்கத்தில் கரியால் பன்றி உருவம் வரைந்தேன். இருபத்தைந்து தப்படி தள்ளி அண்ணன் நிற்பார். நான் கெட்டித்துக் கொடுப்பேன். அவர் சுடுவார். நான் ஓடிப்போய்க் கோட்டுக்குள் விழுந்த ஓட்டைகளை எண்ணி நோட்டில் எழுதுவேன். முதல் குப்பியில் ரவை பேனரைத் துளைக்கவே திணறியது. இரண்டாவதில் பதினொரு ஓட்டை. மூன்றாவதில் பத்தொன்பது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நாலாவது குப்பிக்குப் போனேன். சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து மாடுகள் கயிற்றை அறுத்தன. பேனரில் எட்டே ஓட்டை, அதுவும் ஓரங்களில். நட்ட நடுவில் ஒரு பானையை வைக்கிற அளவுக்கு வெறும் வெள்ளை. மருந்து அதிகமானால் ரவையை விசிறி அடித்துவிடும் என்று தெரிந்தும் நான் நம்பவில்லை. நாரின் மேல் பழியைப் போட்டேன். கனமான ஃபெல்ட் கம்பளியை வட்டம் வட்டமாக வெட்டி நாருக்குப் பதில் தக்கை செய்தேன்.

ஒவ்வொரு வெடியும் அண்ணனின் தோளில் இறங்கியது. மூன்றாம் நாள் அவர் சட்டையைக் கழற்றினபோது வலது தோளும் நெஞ்சும் கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. நாலாவது குப்பி உதைத்ததில் கீழுதடு பல்லில் பட்டுப் பிளந்து ரத்தம் வழிந்தது. துப்பிவிட்டு, "அடுத்ததக் கெட்டி" என்றார். எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். பன்றியின் மேல் அவருக்கு அந்த அளவு ஆத்திரம் இருந்ததில்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் கெட்டித்துக் கொடுத்தேன்.

ஆயுத பூசை வந்தது. பட்டறையில் காலையிலேயே பூசையை முடித்துவிட்டு மத்தியானம் தோட்டத்துக்கு வந்தேன். அண்ணி கைத்தடி ஊன்றிக் கொஞ்சம் நடக்கத் தொடங்கியிருந்தார், அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாழைக்கன்று வெட்டப் போயிருந்தார். கருவிகளைக் கழுவித் துடைக்கும் வேலை என்னுடையது. மண்வெட்டி, கடப்பாரை, அருவாள், மோட்டார் ஸ்பேனர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். துப்பாக்கியையும் எடுத்து மடியில் வைத்து, குழலின் வெளிப்புறத்தையும் கட்டையையும் பளபளவென்று தேய்த்தேன். விசை வளையத்தில் அழுக்கான பனியன் துணி ஒன்று முடிந்திருந்தது. அண்ணி என் மூட்டையிலிருந்துதான் கிழித்துக் கட்டியிருக்கிறார். என் கையிலும் அதே துணி, தரையிலும் அதே துணி. முடிச்சை அவிழ்த்தேன், வளையத்தைத் துடைத்தேன், மற்றதோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். அந்தச் சட்டம் எனக்குத் தெரியாதது அல்ல. தெரியும். துடைக்கிற மும்முரத்தில் அது துணியாகத்தான் தெரிந்தது. அந்த இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டும் வைத்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் சத்தத்துக்காக மருந்தும் நாரும் கெட்டித்து வைத்திருந்தார். பன்றி வரவில்லை. கேப்பை மட்டும் எடுத்துவிட்டார். பூசையன்று துப்பாக்கியை வெடிக்கக் கூடாது என்பதால் விடிகாலை அதைச் சுட்டுக் காலி செய்யவில்லை. உள்ளே மருந்து அப்படியே கிடந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பூசையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தோம். நாலாவதைக் கைவிட்டு, மூன்றாம் குப்பியும் புதுத் தக்கையும் சேர்த்து ஒரு வெடி பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. துப்பாக்கியை எடுத்த அண்ணன் முதலில் வளையத்தைப் பார்த்தார். துணி இல்லை. என்னிடம் கொடுத்தார். நான் கெட்டித்தேன். கம்பி வழக்கத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, கண்ணிலும் பட்டது. விரல் வைத்துப் பார்க்கிற ஆளாக இருந்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். ஃபெல்ட் தடிமன், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கம்பியை உருவினேன். குப்பியில் அளந்தாயிற்று, அப்புறம் விரல் எதற்கு என்கிற திமிர்.

சத்தம் வேறு மாதிரி கேட்டது. வெடிக்கிற சத்தம் இல்லை, தகரத்தைக் கிழிக்கிற சத்தம். புகைக்குள்ளிருந்து அண்ணன் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். குழலின் அடிப்பக்கம் வாழைப்பூ போல விரிந்திருந்தது. இடது முன்கையில் எலும்பு வெளியே தெரிந்தது. வலது கண் இருந்த இடத்தில் கேப்பு மாட்டுகிற இரும்புக் காம்பு செருகி நின்றது. அதைப் பிடுங்குவதற்குக் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அண்ணி கைத்தடியைப் போட்டுவிட்டு, கிழிந்த காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

பக்கத்துத் தோட்டக்காரரின் வேனில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். அண்ணியின் மடியில் தலை. பாதி வழியில் அண்ணனுக்கு நினைவு திரும்பியது.

"துணி கட்டுனியா அம்மணி?"

"கட்டுனனுங்களே. கட்டுனனாட்டத்தான் இருக்குதுங்."

"எடுக்கறப்ப இல்லயே."

"அப்ப சரியா முடியாம உட்டுப்போட்டனுங்களா? அவுந்து உழுந்துபோச்சாட்ட இருக்குதுங். ஐயோ, நாங் கெடுத்துப்போட்டனே" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த நொடியில்தான் எனக்கு முடிச்சு ஞாபகம் வந்தது.  வேனை ஓட்டியவரும் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். அண்ணன் மறுபடி மயங்கிவிட்டார். அதையே சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. விசாரிக்க வந்த போலீஸிடம் அண்ணன், தானே கெட்டித்துத் தானே சுட்டதாகச் சொன்னார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள், உரிமம் ரத்தானது.

அதற்கப்புறம் நான் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் நான் தெரிந்தே செய்ததுதான். ஞாயிறுதோறும் பழம் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். அண்ணனுக்குக் கண்ணில் மருந்து விட்டபடியே அண்ணி அழுவார். கல்யாண வீட்டில் ஒரு பொம்பளை அவர் காதுபடவே, "புருசங் கண்ணப் புடுங்குனவ" என்றாள். அன்றைக்கு அந்தப் பொம்பளையின் வீட்டுக்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்து மூக்கில் குத்தினேன். ரத்தம் வந்தது. பத்துப் பேர் விலக்கிவிட்டார்கள். கொழுந்தன் எவ்வளவு பாசமாக இருக்கிறான் பாருங்கள் என்றார்கள். அடிப்பதற்கு இருந்த கை, சொல்வதற்கு வரவில்லை.

பங்குனியில் ஊர் மாரியம்மன் கோயில் குண்டம். இருபதடி நீளத்துக்கு நெருப்பைப் பரப்பி, வேண்டிக்கொண்டவர்கள் வெறுங்காலில் இறங்குவார்கள். குண்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் பட்டறையில் இருந்தபோது அண்ணன் போன் செய்தார். "உங்க அண்ணி காப்புக் கட்டியிருக்கறா. எறங்கறாளாமா. பண்ணுன தப்புக்குப் பரிகாரமாமா. நாஞ் சொல்லிக் கேக்க மாட்டேங்கறா, நீயாச்சும் வந்து சொல்லு" என்றார்.

நன்றாக இருக்கிற கால்கள் ஓடிக் கடந்துவிடும். தொடைச் சதை பாதி போனவர் நெருப்பின் நடுவில் தடுக்கினால் விழுவது நெருப்பில்தான். லேத்தை ஓடவிட்டபடியே கிளம்பினேன். பாதி வழியில் ஞாபகம் வந்து, பட்டறைக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன்.

சாளையில் அண்ணி மஞ்சள் சேலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கட்டிய காப்பு. அண்ணன் எதிரே நாற்காலியில். நான் உட்காரவில்லை.

"நீங்க எறங்க வேண்டாங்க அண்ணி. துணிய நாந்தான் அவுத்தேன். பூசைக்குத் தொடைக்கறப்ப அவுத்துக் குப்பையில போட்டுட்டேன். வேன்லயே எனக்குத் தெரியும். நாஞ் சொல்லல."

அண்ணி என்னையே பார்த்தார். அடிக்கட்டும் என்று நின்றேன். அடித்தால் போதும் என்று இருந்தது. அவர் பார்வை என்னை விட்டு மெல்ல அண்ணன் பக்கம் திரும்பியது. அண்ணன் தலையைக் குனிந்திருந்தார். திடுக்கிட்ட மாதிரியே தெரியவில்லை.

"உங்குளுக்குத் தெரியுமுங்களா?"

 அண்ணன் தரையைப் பார்த்தபடியே, "வளையத்துல சந்தனப் பொட்டு இருந்துது. ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்ப ரோசன பண்ணுனேன். தொடச்சது அவந்தானே. சின்னப் பையன், வெளிய தெரிஞ்சா கேசு அவம்மேல திரும்பும்னு..." என்றார்.

சின்னப் பையனுக்கு நாற்பத்து நாலு வயது. ஆறு மாதமாகத் தன் பெண்டாட்டி அழுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அண்ணி கட்டிலைப் பிடித்து எழுந்தார். காலை இழுத்து இரண்டு எட்டு வைத்தார். கையை ஓங்கி அண்ணனின் வலது கன்னத்தில் அறைந்தார். அந்தப் பக்கத்திலிருந்து வரும் கை அவருக்குத் தெரியாது. நாற்காலியோடு சாய்ந்து சுவரில் போய் மோதினார். அண்ணி காப்பை அவிழ்த்து அவர் மடியில் போட்டார்.

நான் பக்கத்தில் போய் என் முகத்தை நீட்டினேன். அண்ணிக்கு மூச்சு வாங்கியது.

"உங்குளுக்கு இல்லீங்க தம்பி" என்றார். "நீங்க வந்து சொல்லிப்போட்டீங்க."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் கன்னத்தைக் கொடுத்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.